கரும்பலகையில் எழுதிப் போட்ட பதில்

என் பிரியமான பிலோமினா அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாததால் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இன்று ஞாயிற்றுக்கிழமை. பொம்மிடி வீட்டில் நான் மட்டும்தான். அவர் சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். துணி ஊறிக்கொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுத் தாள்கள் மேசைமேல் கட்டுப் பிரிக்காமல் கிடக்கின்றன. இரண்டையும் விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பள்ளிச் செய்தி. உங்கள் நாற்காலியில் இப்போது புது அறிவியல் சார் உட்கார்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் நீங்கள் எப்போதும் திறந்தே வைத்திருந்த ஜன்னலை, தூசி வருகிறது என்று சாத்திவிடுகிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. காலையில் வருகையை ஆன்லைனில் ஏற்றுவதில் தொடங்கி, மாலைச் சிறப்பு வகுப்பு முடிவதற்குள் பேச்சே வெறுத்துப்போகிறது. அரூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் இருப்பவர் மணி கேட்டால்கூட எனக்குக் கோபம் வருகிறது.

நம் சண்டை நினைவிருக்கிறதா? பதினெட்டு வருஷம் ஒரே மேசையில் எதிரெதிரே சோற்று டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு நாம் போட்டது ஒரே சண்டைதான். பிள்ளைகள் எதனால் படிக்கிறார்கள்? பயத்தினால் என்பேன் நான். அப்பாவுக்குப் பயம், மார்க்குக்குப் பயம், கணக்கு டீச்சரான என்னைக் கண்டால் பயம். அந்தப் பயம் போய்விட்டால் புத்தகத்தைத் தொடமாட்டார்கள் என்பேன். நீங்கள் மோர்மிளகாயைக் கடித்தபடி, "ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு இருக்கும் திலகா. அது என்னன்னு கேக்கத்தான் நமக்கு நேரமில்ல" என்பீர்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அறிவியல் பாடத்தில் தவளையையும் பூவையும் காட்டிப் பிள்ளைகளை உட்காரவைத்துவிடலாம். கணக்கில் எதைக் காட்டுவது?

ஒருநாள் நீங்கள் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு கடைசி பீரியட்ல எத்தன தப்பு போட்டே?" என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பாடவேளையில் நான் ஒரு குறியைத் தவறவிட்டு, நான்கு வரி கழித்து நானே கண்டுபிடித்துத் திருத்தியிருந்தேன். பக்கத்து வகுப்பில் இருந்த உங்களுக்கு அது எப்படித் தெரிந்தது? கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் நீங்களே என் டப்பாவிலிருந்து புளிச்சோற்றை எடுத்துச் சாப்பிட்டுச் சமாதானம் ஆக்கினீர்கள்.

பிறகு அந்த ஆஸ்பத்திரி. சேலத்தில் உங்கள் கட்டில் பக்கத்தில் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உங்களால் ஒரு சுளைகூடச் சாப்பிட முடியவில்லை. "கோகிலாவ மட்டும் பத்தாவது எழுத வெச்சுடு. அவ அப்பங்கிட்ட நான் சொல்லியிருக்கேன்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் யார்தான் தலையாட்டமாட்டார்கள்? பொறுப்போடு ஆட்டினேனா, உங்களைப் பார்த்த துக்கத்தில் ஆட்டினேனா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

கோகிலாவை எனக்குத் தெரியும், தெரியாது. சித்தேரி மலைப் பெண். ஆறாம் வகுப்பில் நீங்கள் பஸ் ஏறிப் போய், அவள் அப்பாவிடம் பேசிக் கூட்டிவந்து விடுதியில் சேர்த்தவள். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் சுவர் ஓரம் உட்காருவாள். முதல் மார்க்கும் இல்லை, பெயிலும் இல்லை. நாலு வருஷத்தில் என்னிடம் அவள் பேசியது மொத்தம் நாலைந்து வாக்கியம் இருக்கும். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பாள், உட்காரச் சொன்னால் உட்காருவாள். அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஓய்வறையில் நாம் யாரும் பேசுவதில்லை. நீங்கள் மட்டும் பேசுவீர்கள்.

கல்லறைத் திருநாளன்று உங்கள் கல்லறைக்கு வந்திருந்தேன். மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. உங்கள் அண்ணன் வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். கோகிலாவும் விடுதியில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் நம் பள்ளிக்கு வந்தார். சின்னப் பெண். பெங்களூரில் படிப்புக்காக ஆராய்ச்சி செய்கிறாராம், தமிழ் நன்றாகப் பேசினார். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் படிக்கத் தூண்டுவது எது, அது நாட்டுக்கு நாடு, பண்பாட்டுக்குப் பண்பாடு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்களாம். ஒரே கேள்வித்தாள். அதையே அந்தந்த மொழியில் பெயர்த்து ஒவ்வொரு நாட்டிலும் கொடுக்கிறார்களாம். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நம் சோற்று டப்பாச் சண்டையை உலகம் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் நீங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

தலைமையாசிரியர் பத்தாம் வகுப்பைக் கொடுத்தார். அதுதான் சத்தம் போடாமல் உட்காரும் என்றார். அந்தப் பெண் என்னிடம் தாள்களைக் கொடுத்து, "மேடம், யாரும் எதுவும் சொல்லிக் குடுத்துடாதீங்க. காலியா விட்டாக்கூட பரவாயில்ல. அதுவும் எங்களுக்கு ஒரு பதில்தான்" என்றார். சரி என்றேன். தலைமையாசிரியர் அவரை டீ குடிக்கக் கூப்பிட்டுப் போகும்போது, என் பக்கம் குனிந்து, "திலகா மேடம், ஒரு தாள்கூட காலியா இருக்கக் கூடாதுங்க. வெளிநாட்டுக்குப் போவுது. நம்ம மானம் போயிரும்" என்றார். அதற்கும் சரி என்றேன்.

முன்பக்கத்தில் நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். 'சற்றும் பொருந்தாது' என்றால் ஒன்று, 'மிகவும் பொருந்தும்' என்றால் ஐந்து. பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், இது எத்தன மார்க்குங்க?" மார்க் இல்லை என்றேன். யாரும் நம்பவில்லை. ஒன்றைவிட ஐந்து பெரியது என்பது மட்டும் அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. எனக்குப் பிடித்திருப்பதால் படிக்கிறேன், ஐந்து. பிறருக்குப் பயந்து படிக்கிறேன், ஐந்து. படிப்பில் எனக்கு விருப்பமே இல்லை, அதற்கும் ஐந்து. நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள். எனக்கு அன்று சிரிக்கவும் தோன்றவில்லை.

பின்பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி. நான் ஏன் படிக்கிறேன்? கீழே அரைப் பக்கம் கோடு போட்ட வெற்றிடம். அங்கே வந்ததும் முப்பத்தைந்து பேரும் பேனாவை மூடிவிட்டார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "டீச்சர், ஆன்சர் போர்டுல போடுங்க டீச்சர்" என்றாள்.

போட்டேன் அக்கா. யோசிக்கக்கூட இல்லை. இத்தனை வருஷமாக யார் வந்து எதைக் கேட்டாலும் நம் பள்ளியில் அதுதானே வழக்கம்? அதிகாரி பார்வையிட வந்தாலும் சரி, கட்டுரைப் போட்டி என்றாலும் சரி, பதிலைப் போர்டில் எழுதிப் போட்டுவிடுவோம். பிள்ளை காலியாக விட்ட இடம் ஆசிரியருக்கு அவமானம் என்றுதான் நமக்குப் பழக்கம். நீங்கள் மட்டும் எழுதிப் போடமாட்டீர்கள். மற்றவர்கள் போடும்போது வெளியே போய் நின்றுகொள்வீர்கள். நான் சுண்ணக்கட்டியை எடுத்து, பழகிய கையெழுத்தில், 'நன்றாகப் படித்து, பெற்றோருக்குப் பெருமை சேர்த்து, நாட்டுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பதற்காக நான் படிக்கிறேன்' என்று எழுதினேன். முப்பத்துநான்கு பேனாக்கள் கடகடவென்று ஓடின.

கோகிலா மட்டும் போர்டைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தேன். பத்து வரிக்கு மேல் போயிருந்தது. என்ன எழுதியிருக்கிறாள் என்று படிக்கவில்லை. போர்டில் இருப்பது அதில் இல்லை என்பது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. தாளை உருவிக்கொண்டு, மீதமிருந்த புதுத் தாள் ஒன்றைக் கொடுத்து, "போர்டுல இருக்கறத எழுது. நேரமாவுது" என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுதினாள். உருவிய தாளைப் பாடக்குறிப்பு நோட்டில் செருகினேன். அதோடு மறந்தும்விட்டேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து கோகிலா திரும்பவில்லை. முதல் நாள் பஸ் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து விடுதிக் காப்பாளரிடம் கேட்டேன். "மலப் புள்ளைங்க அப்புடித்தாங்க மேடம். புளி உலுக்கற சீசன் முடிஞ்சாத்தான் எறங்கி வரும்" என்றார். எனக்கு அந்தப் பதில் வசதியாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை போகலாம் என்று நினைத்தேன், சிறப்பு வகுப்பு வைத்தார்கள். அடுத்த சனிக்கிழமை முழங்கால் வலி. மூன்று வாரம் இப்படியே ஓடியது. அவளுடைய தேர்வுக்கூடச் சீட்டு வேலை நடந்துகொண்டிருந்தபோது பெயர்ப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார்கள். அதைப் பார்த்தபோது உங்கள் ஆரஞ்சுப் பழம் ஞாபகம் வந்தது. வந்தும் நான் எழுந்து போகவில்லை. அக்கா, நான் கெட்டவள் இல்லை. களைத்துப்போயிருந்தேன். அந்தப் பிள்ளைக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா என்ன?

அப்போதுதான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் போன் செய்தார். நாசூக்காகத்தான் பேசினார்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். முப்பத்தஞ்சு பேரும் ஒரே வாக்கியத்த எழுதியிருக்காங்க. கமாகூட ஒரே எடத்துல இருக்கு. வேற எந்த ஊர்லயும் எனக்கு இப்படி வரல. உங்க பக்கத்துல எல்லாரும் சேந்தே யோசிக்கற மாதிரி, குடும்பமும் நாடும்தான் முக்கியம்னு நெனக்கிற மாதிரி, ஏதாவது வழக்கம் இருக்குங்களா?"

அவர் என்னைக் குத்திக்காட்டுகிறாரா, உண்மையாகவே கேட்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் சுண்ணக்கட்டி எழுத்து கடல் தாண்டிப் போய், தருமபுரி மாவட்டத்துப் பண்பாடு என்று ஏதோ ஒரு புத்தகத்தில் உட்கார்ந்துகொள்ளும். பஸ் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்போது நான் பஸ்ஸில் இல்லை, ஓய்வறையில் உட்கார்ந்திருந்தேன். பொய்.

போனை வைத்த பிறகுதான் அந்த இன்னொரு தாள் ஞாபகம் வந்தது. பாடக்குறிப்பு நோட்டைப் பிரித்தேன். அங்கேயே இருந்தது. அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

'எனக்குப் பிடித்தது கடைசி பீரியடு கணக்கு. டீச்சர் அப்போது களைப்பாக இருப்பார். போர்டில் கணக்கு போடும்போது ஏதாவது ஒரு வரியில் தப்பு வந்துவிடும். டீச்சர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நான் கண்டுபிடித்து விடுவேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். பிலோமினா டீச்சர் இருந்தவரை அவரிடம் மட்டும் சொல்வேன். அவர் சிரிப்பார். தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் சரியானது எது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் மறுநாள் நடத்தப்போகும் பாடத்தை முதல் நாளே விடுதியில் போட்டுப் பார்த்துவிட்டு வருவேன். எந்த நாள் தப்பு வரும் என்று தெரியாது என்பதால் எல்லா நாளும் கவனிப்பேன். இதற்காகத்தான் நான் படிக்கிறேன். இது சரியான காரணமா என்று தெரியவில்லை.'

நான்கு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை வெட்கம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அன்று இரண்டு நாள் பேசாமல் இருந்தேனே, அதற்கு விடை மூன்றாம் தடவை படிக்கும்போது கிடைத்தது. நான்காம் தடவை கடைசி வரியைத் தாண்டமுடியவில்லை. இது சரியான காரணமா என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டிருக்கிறாள். நான் அவளுக்கு வேறு தாளைக் கொடுத்து, சரியான காரணம் போர்டில் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

பயத்தினால்தான் படிக்கிறார்கள் என்று பதினெட்டு வருஷம் உங்களோடு வாதாடினேன். என் வகுப்பிலேயே ஒருத்தி என் அசதியை நம்பிப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நீங்கள் அதைத் தெரிந்துகொண்டும் என்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டீர்கள். சொன்னால் நான் கவனமாகிவிடுவேன், அவளுக்குப் படிக்க ஒன்றும் இருக்காது என்றுதானே?

மறுநாள் சனிக்கிழமை. சிறப்பு வகுப்புக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டு அரூரில் சித்தேரி பஸ் ஏறினேன். பஸ் நிறைய அரிசி மூட்டையும், கோழியும், சந்தைக்கு வந்து திரும்பும் ஜனமும். வளைவுகளில் குமட்டியது. இந்த வழியாகத்தானே நீங்கள் எத்தனையோ தடவை போயிருக்கிறீர்கள், அந்த உடம்பை வைத்துக்கொண்டு.

கோகிலாவின் அப்பா வாசலில் புளியைக் கொட்டி ஓடு உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க டீச்சர். பிலோமினாம்மாவுக்கு அப்புறம் பள்ளிக்கொடத்துலேர்ந்து யாரும் இங்க ஏறி வரலீங்க."

"கோகிலா ஏங்க வரல? பரீட்ச நெருங்கிருச்சு."

"நான் ஒண்ணும் தடுக்கலீங்க. இவ ஆத்தா குடகுக்கு காப்பி பறிக்கப் போயிருக்கா. போறப்பகூட, நீ பள்ளிக்கொடம் போடின்னுதான் சொல்லிட்டுப் போனா. இதுதான் மாட்டேங்குது. கேட்டா வாயத் தெறக்கறதில்ல. நீங்களே கேட்டுப் பாருங்க. வூட்டுக்குள்ளதான் இருக்குது."

நான் கதைகளில் படிப்பதுபோல ஒரு கல்யாண ஏற்பாட்டையோ வறுமையையோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். அப்படி ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பாவோடு சண்டை போட்டிருப்பேன்.

கோகிலா வந்து நின்றாள். புளிக் கொட்டை எடுத்து எடுத்து விரல் நுனியெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"ஏன் வரல?"

விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லு. திட்டமாட்டேன்."

"எழுதிப் போட்டதப் பாத்து எழுதறதுக்கு நான் எதுக்குங்க டீச்சர்? யாரு எழுதுனாலும் அதேதானுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். நான் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"நேத்துதான் படிச்சேன்" என்றேன்.

"நேத்தா?" என்றாள். "அன்னிக்கே படிச்சுட்டுத்தான் வேற தாள் குடுத்தீங்கன்னு நெனச்சேங்க. உங்களுக்குக் கோவம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் போர்டப் பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சுங்க. தப்பு கண்ணுல பட்டாலும், சொல்றதுக்கும் ஆளில்லீங்க."

கணக்கு டீச்சருக்குத் தெரிந்தது கணக்குதானே. பையிலிருந்த பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில், அவள் அப்பா எடுத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, ஓர் இருபடிச் சமன்பாட்டை எழுதிக் காரணிப்படுத்தினேன். வேண்டுமென்றே நடுவில் கூட்டலையும் கழித்தலையும் இடம் மாற்றிப் போட்டேன். தாளை அவள் பக்கம் திருப்பினேன்.

பார்த்தாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது நீங்க வேணும்னே போட்டதுங்க டீச்சர்."

"எப்படித் தெரியும்?"

"நெசமான தப்பு இப்புடி இருக்காதுங்க. நீங்க ஆரம்பத்துல தப்பு போடமாட்டீங்க. நல்லா போயிட்டிருக்கறப்ப வரும். பஸ் லேட்டாயி ஓடி வந்த நாள்ல கழித்தல் குறிய வுட்டுடுவீங்க. வெள்ளிக்கெழமன்னா ஏழாம் வாய்ப்பாடு வராது. தலமயாசிரியர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாருன்னா, அடுத்த கணக்குல ஒரு வரிய தாண்டிப் போயிருவீங்க."

அவள் அப்பா புளியை விட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் நடத்திய பாடத்தோடு சேர்த்து என்னையும் படித்து வைத்திருக்கிறாள் அக்கா. என் வீட்டுக்காரருக்குக்கூட என்னைப் பற்றி இவ்வளவு தெரியாது.

"அது சரியான காரணமான்னு கேட்டிருந்தியே" என்றேன். "சரியான காரணம்தான். நான்தான் படிக்காம வாங்கி வெச்சுட்டேன். அது என் தப்பு. நெசமான தப்பு."

அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். கீழே பஸ் ஹாரன் அடித்தது. வருகிறாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அப்பா ஒரு பொட்டலம் புளியை என் பையில் திணித்து, "பிலோமினாம்மாவுக்கும் வருசா வருசம் குடுப்பேங்க" என்றார். நான் தனியாகத்தான் இறங்கினேன்.

அன்று சாயங்காலமே அந்த ஆராய்ச்சிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன். "எங்க பக்கத்துல அப்படி ஒரு வழக்கமும் இல்லீங்க. அந்த முப்பத்தஞ்சும் நான் எழுதுனது" என்றேன். "சொன்னதுக்கு ரொம்ப நன்றி மேடம். அடுத்த வாரம் நானே இன்னொரு தடவ வரட்டுங்களா?" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

புதன்கிழமை காலை வருகை எடுக்கும்போது சுவர் ஓரக் கடைசி இடத்திலிருந்து, "உள்ளேன் டீச்சர்" என்று ஒரு குரல். நான் தலை நிமிரவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே குறித்தேன்.

வியாழக்கிழமை மறுபடியும் அதே தாள்கள். தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக என்னை முறைத்தார். நான் சுண்ணக்கட்டி டப்பாவை எடுத்துப் போய் அவருடைய மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். இந்த முறை பத்துப் பன்னிரண்டு பேர் பின்பக்கத்தைக் காலியாகவே கொடுத்தார்கள். மீதிப் பேர் எழுதினார்கள். நான் எதையும் வாங்கிப் படிக்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் அவர்களே சொன்னார்கள். கோழிப்பண்ணையில் வேலை செய்யும் பீகார்க்காரர் மகள் காஜல், தன் தமிழைக் கேட்டுச் சிரித்தவனுக்குத் தமிழிலேயே பதில் சொல்வதற்காகப் படிக்கிறாளாம். வீட்டில் தெலுங்கு பேசும் நவீன், பக்கத்தில் உட்காரும் நண்பன் படிக்கிறான், அதனால் தானும் படிப்பதாக எழுதியிருக்கிறான். கன்னடம் பேசும் வீட்டுப் பெண் ஒருத்திக்கு, அக்காவின் பிளஸ் டூ புத்தகத்தில் ஒரு படம் என்னவென்று புரிய வேண்டுமாம். இரண்டு பேர் அப்பாவுக்குப் பயந்து என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே நானும் முழுக்கத் தோற்கவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

நாடு நாடாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைப்பதில் கொஞ்சம் என் ஒரே வகுப்பில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்திருக்கிறது. கேட்கத்தான் நேரமில்லை என்பீர்களே, நேரம் என்பதுகூட ஒரு சாக்குத்தான் போலிருக்கிறது. அதற்கு ஆனது இருபது நிமிஷம்.

கோகிலா எழுதவில்லை. தாளைக் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். "நான் முன்னாடியே எழுதிட்டேங்க டீச்சர்" என்றாள். அவளைக் கேட்டுக்கொண்டு அந்தப் பழைய தாளையே ஆராய்ச்சிக்காரரிடம் கொடுத்தேன். என் பெயர் அதில் இல்லை. கணக்கு டீச்சர் என்று மட்டும்தான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். என் அசதியாவது வெளிநாடு பார்க்கட்டும்.

இனி, துணியை ஊறவைத்துவிட்டு நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. காலையில் அரூர் பஸ் வழியில் நின்றுவிட்டது. மதியம் தலைமையாசிரியர் சுண்ணக்கட்டி டப்பாவைப் பற்றி எல்லார் முன்னாலும் கத்தினார். கடைசி பீரியடில் முக்கோணவியல் கணக்கு ஒன்றைப் போர்டில் போட்டுக்கொண்டிருந்தேன். கால் வலி. மணி எப்போது அடிக்கும் என்பதிலேயே இருந்தது மனசு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்று நினைத்தேன்.

"டீச்சர், மூணாவது வரிங்க."

கடைசி பெஞ்சிலிருந்து. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கணக்கு டீச்சரின் கணக்கில் தப்பு என்று இந்தப் பள்ளியில் இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கோகிலா எழுந்து நின்றிருந்தாள். நான் போர்டைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை அக்கா. சத்தியமாகத் தெரியவில்லை. வேண்டுமென்று போட்டதில்லை அது.

"கழித்தல் குறிய வுட்டுட்டீங்க" என்றாள்.

அழித்தேன். திருத்தினேன். அதற்குக் கீழே இருந்த ஐந்து வரிகளையும் அழித்துவிட்டு மறுபடி போட்டேன். "இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப சரிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மொத்தம் பத்துச் சொல்கூட இல்லை, நாலு வருஷத்தில் அவள் என் வகுப்பில் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

மணி அடித்ததும் ஓய்வறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன். உங்களிடம் சொல்வதற்குத்தான் வந்தேன். கதவைத் திறந்து நாற்காலியைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. புது சார் பையை மாட்டிக்கொண்டு, என்ன மேடம் என்றார். ஒன்றுமில்லை என்றேன். நீங்கள் போனதிலிருந்து கோகிலா சுமந்துகொண்டிருந்தது என்ன என்று அப்போது எனக்குப் புரிந்தது. தப்பு கண்ணில் பட்டும் சொல்ல ஆளில்லாமல் நிற்பது. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அவர் பாவம், பயந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

பெயர்ப் பட்டியலில் அந்தக் கேள்விக்குறியை நேற்று ரப்பர் வைத்து நானே அழித்தேன். அவள் பத்தாவது எழுதுவாள். அன்று ஆஸ்பத்திரியில் வெறுமனே ஆட்டிய தலையை இன்று அறிந்தே ஆட்டுகிறேன். இனி எந்தப் பிள்ளைக்கும் அதன் பதிலை நான் போர்டில் எழுதிப் போடமாட்டேன். களைப்பு மட்டும் தீராது, அதற்கு வாக்குக் கொடுக்கமுடியாது. அது இருக்கும்வரை தப்பும் வரும். அதைக் கண்டுபிடிக்க ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் சொல்வதை உங்களிடம் வந்து சொல்லும் வேலை இனி என்னுடையது.

வெள்ளிக்கிழமைக் கணக்கில் ஒரே தப்பு, மூன்றாவது வரியில்,
உங்கள் தங்கை,
திலகா